சிரிக்க ரூம் இருக்கு... அழ?

ஒரு சம்பவம் சொல்றேன். சிரிக்கலாமா, வேணாமானு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி. எமர்ஜென்சி வார்டு. நைட் டூட்டியில் இருக்கும் இளம் டாக்டர்கள் சிலருக்கு அகோரப் பசி. போன் போட்டு பீட்சா சொல்றாங்க. நேரம் ஓடுது, பீட்சாவைக் காணோம். திடீர்னு கதவைத் திறந்து, துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்ச ஒரு பையனைத் தூக்கிட்டு வர்றாங்க. பார்த்தா... இவங்களுக்கு பீட்சா கொண்டு வந்த அதே பையன்! வழியில் எவனோ சுட்டுட்டான். டாக்டர்கள் முட்டி மோதிப் பார்க்கிறாங்க. முடியலை. பையன் போயிட்டான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தர் மெதுவா, நம்ம பீட்சா என்னாச்சுன்னு கேட்கிறார். வெளியே போய்ப் பார்த்தா, டப்பா அங்கேயே கிடக்கு. எடுத்துட்டு வந்து மேஜை மேல வைக்கிறாங்க. இன்னொருத்தர், பையனுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம்னு கேட்கிறார். எல்லாரும் சிரிக்கிறாங்க. பீட்சாவைச் சாப்பிடறாங்க.

கதை இல்ல பாஸ். கேட்டி வாட்சன்னு ஒரு மருத்துவ அறவியல் பேராசிரியை. 'ஹேஸ்டிங்ஸ் சென்டர் ரிப்போர்ட்' பத்திரிகையில் 2011-ல் அவர் எழுதின கட்டுரை இந்தச் சம்பவத்தைத்தான் பேசுது. அன்னிக்கு அங்கே இருந்த ஒரு டாக்டர், பல வருஷம் கழிச்சு அவர்கிட்ட இதைச் சொல்லிட்டு, நாங்க ஜோக் அடிச்சது தப்பான்னு கேட்டிருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. சிரிச்சாச்சு, சாப்பிட்டாச்சு, அதுக்கப்புறம் எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருப்பார். ஆனா, அந்தக் கேள்வி மட்டும் அவரை விடவே இல்ல.

என்னையும் விடலை. மெக்கானிக்கல் தேர்ட் இயர் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலைன்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம்

2022, தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம். அப்பாவோட அப்பா, எங்க தாத்தா, சாயங்காலம் டீ குடிச்சுட்டு இருந்தவர் நெஞ்சைப் பிடிச்சுட்டு சாய்ஞ்சுட்டார். 108 வந்துச்சு. ஆஸ்பத்திரி போனோம். காஷுவாலிட்டி கதவுக்கு வெளியே நாங்க. உள்ளே அவர். இருபது நிமிஷம். என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவரா இருக்கும், ஒரு டாக்டர் வெளியே வந்தார். அப்பாகிட்ட 'சாரி'ன்னார். அப்புறம் கையெழுத்து, பேப்பர், அந்த ஜன்னல், இந்த ஜன்னல்.

அப்பதான் அந்தச் சத்தம். காரிடார் கடைசியில் பாதி திறந்திருந்த ஒரு கதவுக்கு உள்ளேயிருந்து நாலஞ்சு பேர் ஒண்ணா, வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிக்கிற சிரிப்பு. சித்தப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கிளம்பிட்டார். அப்பா அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். ஒரு தடவை அந்தக் கதவைப் பார்த்தார். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்து போட ஆரம்பிச்சுட்டார். இன்னிக்கு வரைக்கும் அப்பா அந்தச் சிரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

நான் பேசணும்னு நினைச்சேன். யார்கிட்ட? எங்க பெரியம்மா பையன்கிட்ட. அவன் இப்போ ஒரு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். பேர் வேணாம்னு சொல்லிட்டான். 'அண்ணன்'னே வெச்சுக்குவோம்.

"என்னத்தைப் பார்த்துண்ணே சிரிச்சிருப்பாங்க? எங்க தாத்தாவையா?"

அண்ணன் உடனே பதில் சொல்லலை.

"உங்க தாத்தாவைப் பத்தி இருக்காதுடா. ஆனா, இருந்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமா இருக்காது."

அந்த நேர்மைக்காகவே அவன்கூட உட்கார்ந்து பல ராத்திரி பேசினேன்.

'எமகண்டம்' வந்துட்டான்டா!

டூட்டி ரூம்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். ரெண்டு கட்டில், அதுக்கு நாலு பேர். ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு. ஆறிப்போன டீ. பார்சல் பரோட்டா, சால்னா. எந்த நிமிஷமும் கதவைத் தட்டுவாங்க. அந்த ரூமுக்குன்னு சில சட்டம் இருக்கு. 'இன்னிக்கு என்னடா கூட்டமே இல்ல'ன்னு யாரும் வாயைத் திறந்துடக் கூடாது. சொன்னா அடுத்த அஞ்சாவது நிமிஷம் வண்டி வண்டியா வரும்கிறது நம்பிக்கை. உலகம் பூரா எமர்ஜென்சி டாக்டர்களுக்கு இந்த மூடநம்பிக்கை உண்டு.

அண்ணன் பேட்ச்ல ஒருத்தனுக்கு பட்டப்பேரு 'எமகண்டம்'. அவன் டூட்டி வந்தாலே ஒரு மரணம் நிச்சயமாம். அவன் உள்ளே நுழையும்போதே, "டேய், ஃபார்ம் எடுத்து வைங்கடா"ன்னு ஒரு குரல் வரும். ஃபார்ம்னா இறப்புச் சான்றிதழ் ஃபார்ம். எல்லாரும் சிரிப்பாங்க. 'எமகண்டமு'ம் சிரிப்பான்.

கேட்கும்போதே ஒரு மாதிரி இருக்குல்ல? எனக்கும் இருந்தது. அப்புறம் அண்ணன் தன்னோட முதல் மரணத்தைச் சொன்னான்.

ராத்திரி பதினொரு மணி. டூவீலர் விபத்து. இருபத்து ரெண்டு வயசுப் பையன். நெஞ்சு அழுத்தினது அண்ணன்தான். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை அழுத்தணும். நெஞ்சு குறைஞ்சது 5 செ.மீ. உள்ளே போகணும். சரியா அழுத்தினாலே சில சமயம் விலா எலும்பு முறியும். அந்தச் சத்தம் கைக்குத்தான் முதல்ல கேட்கும்னான் அண்ணன். அரை மணி நேரம். அப்புறம் டார்ச் அடிச்சுக் கண் பாப்பா பார்த்து, ஸ்டெத் வெச்சுக் கேட்டு, இ.சி.ஜி.யில் நேர்கோடு எடுத்து, கேஸ் ஷீட்டில் நேரம் எழுதி... வெளியே பையனோட அம்மா.

"அடுத்து என்னண்ணே பண்ணின?"

"அடுத்த கேஸ். நாய்க்கடி. ஊசி எழுதிக் கொடுத்தேன். அப்புறம் கை கழுவிட்டு வந்து பரோட்டா சாப்பிட்டேன். நல்லா பசிச்சுதுடா. பசிச்சதுதான் எனக்கு அசிங்கமா இருந்துச்சு."

அப்போ எவனோ ஒருத்தன், 'மச்சான், நேர்கோடு போடறதுல நீ செம ஸ்ட்ராங்கு'ன்னானாம். ரூமே சிரிச்சது. அண்ணனும் சிரிச்சான். சிரிச்சதுக்கு அப்புறம்தான் பரோட்டா தொண்டையில் இறங்குச்சாம்.

நம்ம பாஷையில் சொன்னா, குக்கர் விசில். உள்ளே பிரஷர் ஏறினா வெயிட் தூக்கி ஆவியை விடணும். சத்தம் நாராசமா இருக்குதேன்னு வெயிட்டை அடைச்சு வெச்சா, சேஃப்டி வால்வு உருகி சாம்பார் சீலிங்ல இருக்கும். விசில் அடிக்கிற குக்கர் கெட்ட குக்கர் இல்ல. ஆனா ஒண்ணு. விசில் ஆவியைத்தான் வெளியேத்தும். அடுப்பை அணைக்காது!

நாமளும் சும்மா இல்ல

டாக்டருங்க மட்டும்தான் சாவைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு நினைச்சா, நம்ம ஊரை நாம சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம். செத்தவரைப் பத்தி நமக்கு எத்தனை வார்த்தை! 'காலமானார்', 'தவறிட்டார்' ஒரு பக்கம். 'டிக்கெட் வாங்கிட்டார்', 'மண்டையைப் போட்டுட்டார்' இன்னொரு பக்கம். மரியாதையும் நக்கலும் பக்கத்து பக்கத்துல உட்கார்ந்திருக்கு.

தொண்ணூறு வயசுல, பேரன் பேத்தி எடுத்து ஒரு பெருசு போய்ச் சேர்ந்தா, அது கல்யாண சாவு. பறையடிச்சு, வெடி போட்டு, பூவை இறைச்சுக்கிட்டு, தெரு முழுக்க ஆடிட்டுப் போறோம். பாடைக்கு முன்னாடி நாமளே ஆடியிருக்கோம். அதை யாரும் அவமரியாதைன்னு சொன்னதில்ல.

ஆனா கவனிச்சிருக்கீங்களா? சின்னப் பையன் செத்தா அந்த ஆட்டம் கிடையாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா சுடுகாடு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலை. எங்கே சிரிக்கலாம், எங்கே கூடாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு.

டூட்டி ரூமுக்கும் அது தெரியும். ஒருநாள் அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்களாம். காப்பாத்த முடியலை. "அன்னிக்கு யாருமே ஜோக் அடிக்கலைடா. 'எமகண்டம்'னு கூட யாரும் கூப்பிடலை. யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கலை"ன்னான் அண்ணன்.

அப்போ பிரச்னை சிரிப்பு இல்ல. பின்னே எது?

பதினாலாம் பெட் எக்ஸ்பயர்ட்

எனக்கு பயமா இருந்தது ஜோக்கைக் கேட்டு இல்ல. வார்த்தைகளைக் கேட்டு.

நம்ம ஆஸ்பத்திரிகளில் யாரும் 'சாகிறது' இல்ல. 'எக்ஸ்பயர்' ஆவாங்க. மாத்திரை அட்டையும் பால் பாக்கெட்டும் ஆகிற மாதிரி! உள்ளே படுத்திருக்கிறவர் 'கேஸ்'. பேர் போய் நம்பர் வந்துடும். 'பதினாலாம் பெட் என்ன ஆச்சு?' உயிர் போன அடுத்த நொடி 'பாடி'. கூட வந்த பெண்டாட்டி, புள்ள எல்லாரும் 'அட்டெண்டர்'. இது யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்றது இல்ல. நாற்பது பேர் படுத்திருக்கிற வார்டுல பேர் சொல்லிக்கிட்டிருந்தா வேலை ஓடாது. ஆனா, ஜோக்காவது 'நான் ஜோக்'ன்னு சொல்லிட்டு வருது. இந்த வார்த்தைங்க சத்தமே இல்லாம வேலை செய்யுது.

1978-ல் சாமுவேல் ஷெம்கிற புனைபெயரில் ஒரு நாவல் வந்தது. 'தி ஹவுஸ் ஆஃப் காட்'. எழுதினவர் நிஜப் பேர் ஸ்டீபன் பெர்க்மேன், டாக்டர். பாஸ்டன்ல தான் பயிற்சி டாக்டரா இருந்த வருஷத்தை வெச்சு எழுதினது. அதில் வர்ற இளம் டாக்டர்கள், வார்டை விட்டு நகரவே நகராத வயசான நோயாளிகளை 'கோமர்'னு கூப்பிடுவாங்க. 'என் எமர்ஜென்சி ரூமை விட்டு வெளியே போ'ங்கிற இங்கிலீஷ் வாக்கியத்தோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா வர்ற பேர் அது. புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் ஜோக். சீனியர் டாக்டர்கள் பலர் அப்போ கோபப்பட்டாங்க. ஜூனியர்கள் ஒளிச்சு வெச்சுப் படிச்சாங்க. ஆனா, அத்தனை ஜோக்குக்கும் நடுவுல அந்த நாவலில் ஒரு பயிற்சி டாக்டர் தற்கொலை பண்ணிக்கிறான். அவனைச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் நல்லா ஜோக் அடிக்கத் தெரிஞ்சவங்கதான்.

இன்னொரு மேட்டர். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 456 மாணவர்களை வருஷா வருஷம் அளந்து பார்த்தாங்க. எதை? அடுத்தவங்க வலியைப் புரிஞ்சுக்கிற குணத்தை. அதுக்குன்னு ஒரு கேள்வித்தாள் வெச்சிருக்காங்க. முடிவு 2009-ல் வெளியாச்சு. முதல் ரெண்டு வருஷம் அந்தக் குணம் பெருசா மாறலை. மூணாவது வருஷம் சரிஞ்சது. அந்த ஊரில் மூணாவது வருஷம்தான் மாணவர்கள் முழுசா வார்டுக்குள்ள போய் நோயாளிகளைப் பார்ப்பாங்க. புத்தகத்தில் இருந்த வரைக்கும் இருந்த இரக்கம், மனுஷனைப் பார்த்ததும் குறையுது!

கெட்டவங்களா சேர்றதில்ல பாஸ். யாரும் கெட்டுப் போகணும்னு முடிவும் பண்றதில்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சுடறாங்க.

ரெண்டு டாக்டர் அப்பாக்கள்

'அப்போ டாக்டருங்க எல்லாரும் நோயாளியோட சேர்ந்து அழணுமா?'ன்னு நீங்க கேட்பீங்க. ஐயோ, வேண்டவே வேண்டாம்! எனக்கு ஆபரேஷன் பண்றவர் கண்ணுல தண்ணி நின்னா, கத்தி எங்கே போகும்? விலகி நிக்கிறது அந்த வேலையோட பாதுகாப்பு விதி. வெல்டிங் ஷாப்ல கறுப்புக் கண்ணாடி மாட்டற மாதிரி.

இதை முதல்ல அழகாச் சொன்னவர் கனடாக்காரரான வில்லியம் ஆஸ்லர். நோயாளியின் கட்டில் பக்கத்துலேயே மாணவர்களை நிக்க வெச்சு பாடம் எடுத்த பெரிய மருத்துவர். 1889 மே 1-ம் தேதி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிச்ச மருத்துவ மாணவர்களுக்கு ஒரு உரை கொடுத்தார். தலைப்பு 'ஈக்வானிமிட்டாஸ்'. லத்தீன் வார்த்தை. பதறாத மனசுன்னு வெச்சுக்கலாம். டாக்டருக்கு வேண்டிய முதல் குணம் அதுதான்கிறது அவர் கட்சி. மனுஷன் சரியான குறும்புக்காரரும்கூட. 'எகர்டன் யாரிக் டேவிஸ்'னு ஒரு போலிப் பேர் வெச்சுக்கிட்டு, கற்பனையா ஒரு கேஸை ஜோடிச்சு மருத்துவப் பத்திரிகைக்கே கடிதம் எழுதி, அது 1884-ல் அச்சாகவும் செஞ்சது!

ஜோக்கும் தெரியும், விலகி நிக்கவும் தெரியும். அப்படிப்பட்டவரோட ஒரே மகன் ரெவெர், முதல் உலகப் போரில் 1917 ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தில் அடிபட்டான். செய்தி கேட்டு ராணுவ மருத்துவமனைக்கு ஓடினவர்களில் ஒருத்தர் பெரிய மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், ஆஸ்லரோட நெருங்கிய நண்பர். காப்பாத்த முடியலை. பையனுக்கு வயசு 21. அதுக்கப்புறமும் ஆஸ்லர் பகலில் வந்தவங்ககிட்ட சிரிச்சுப் பேசினார், ராத்திரியில் அழுதார். ரெண்டு வருஷத்தில், 1919 டிசம்பரில் அவரும் போயிட்டார். பதறாமையைப் பாடமா எடுத்தவருக்கும் ராத்திரின்னு ஒண்ணு வேண்டியிருந்தது.

இன்னொரு அப்பா நம்ம ஊர்க்காரர். 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றம். 15 வயசு ஹிதேந்திரன் பைக் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைஞ்சான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி ரெண்டு பேருமே டாக்டர்கள். மூளைச்சாவுன்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, ஆனா திரும்பி வர மாட்டான்னு ஒரு டாக்டருக்குத் தெரியும். ஒரு அம்மாவுக்கு அது புரியுமா? அன்னிக்கு ரெண்டும் ஒரே ஆள்.

உறுப்புகளைத் தானம் செஞ்சாங்க. போலீஸ் டிராஃபிக்கை நிறுத்தி வழி விட, அவன் இதயம் சென்னையைக் கடந்து முகப்பேரில் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. 'சென்னையில் ஒரு நாள்' (2013) பார்த்திருப்பீங்களே, அந்தக் கதைக்கு விதை இந்த நிஜச் சம்பவம்தான். தமிழ்நாட்டில் உறுப்பு தானம்கிற வார்த்தை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதுக்கப்புறம்தான்.

மூளைச்சாவு விஷயத்தில் சட்டமே விலகி நிக்கச் சொல்லுது தெரியுமா? 1994-ம் வருஷத்துச் சட்டப்படி, டாக்டர்கள் குழு ஒண்ணுதான் மூளைச்சாவை உறுதி செய்யணும். ஆறு மணி நேர இடைவெளியில் ரெண்டு தடவை சோதிக்கணும். உறுப்பைப் பொருத்தப் போற டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கவே கூடாது. ஆசையும் கூடாது, அவசரமும் கூடாதுங்கிறதுக்காக.

அதனால, விலகி நிக்கிறதே தப்புன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பெற்றோர் தங்களோட துக்கத்துலேர்ந்து ஒரு அடி விலகி நின்னாங்க. எதுக்கு? முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் பக்கத்துல போய் நிக்கிறதுக்கு. எதுலேர்ந்து விலகறோம்கிறதைவிட, விலகி எங்கே போறோம்கிறதுதான் விஷயம்.

ஜோக்கும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. 'எமகண்டம்' ஜோக் யாரை அடிக்குது? எமனை. தோத்துப் போன டாக்டரை. செத்துப் போனவரை அது தொடலை. பீட்சா ஜோக்கும்கூட, ஒரு சாப்பாட்டுக்காக ஒரு உயிர் போச்சேங்கிற கொடுமையைத்தான் அடிச்சது. ஆனா, மயக்கத்தில் இருக்கிற நோயாளியோட உடம்பைப் பார்த்து, ஜாதியைப் பார்த்து, குடிச்சுட்டு விழுந்தவனோட அழுக்குச் சட்டையைப் பார்த்து அடிக்கிற ஜோக் இருக்கே... அது கீழே விழுந்தவனை மிதிக்கிற கால். அதுக்கு 'ஸ்ட்ரெஸ்'னு பேர் வெச்சு மன்னிப்பு வாங்க முடியாது.

அப்புறம், யார் காதுல விழுதுங்கிறதும் முக்கியம். காரிடார்ல எனக்கு வந்த கோபம் தப்புன்னு இன்னிக்கும் நான் நினைக்கலை. கதவைச் சாத்தறதுக்கு எம்.டி. படிச்சிருக்க வேண்டிய அவசியம் இல்லையே!

ஹெல்மெட்டுக்குள்ள

அந்தக் குழந்தை இறந்த அன்னிக்கு அண்ணன் என்ன பண்ணினான்னு கேட்டேன்.

"டூட்டி முடிஞ்சு பைக் ஸ்டாண்டுக்குப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணலை. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ள அழுதா யாருக்கும் தெரியாதுடா."

ஐந்தரை வருஷ எம்.பி.பி.எஸ். படிப்பில், கடைசி வருஷம் ஹவுஸ் சர்ஜன். கோடி ரூபாய் ஸ்கேன் மெஷின் இருக்கிற வளாகத்தில், ஒரு டாக்டர் அழறதுக்குக் கிடைச்ச ஒரே இடம் ஒரு ஹெல்மெட்! சிரிக்கிறதுக்கு டூட்டி ரூம் இருக்கு. எல்லாரும் சேர்ந்து சிரிப்பாங்க. சிரிக்காதவனை 'ரொம்ப சென்டிமென்ட்டுடா'ன்னு ஓட்டுவாங்க. அழறதுக்கு ரூமும் கிடையாது, ஆளும் கிடையாது. அழுகை வர்ற இடத்துலயும் சிரிப்பை வெச்சே சமாளிக்கணும். சிரிப்பு தப்பில்ல. சிரிப்பு ஒண்ணுதான் வழின்னு விட்டுட்டது தப்பு.

சரி, வேற என்ன பண்ணலாம்? பெருசா செலவில்லாத ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கு. அமெரிக்காவில் விர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டெல்ஸ்னு ஒரு நர்ஸ். ஒருத்தர் இறந்தாச்சுன்னு அறிவிச்ச உடனே எல்லாரும் கையுறையைக் கழட்டிட்டு அடுத்த வேலைக்கு ஓடறதை அவர் பார்த்தார். 'ஒரு நிமிஷம் நில்லுங்க'ன்னு ஆரம்பிச்சார். கட்டிலைச் சுத்தி நிக்கிற டாக்டர், நர்ஸ், ஊழியர் எல்லாரும் அப்படியே ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும். போனவர் ஒரு மனுஷன். அவரை நேசிச்சவங்க இருக்காங்க. நாமளும் நம்மால ஆனதைச் செஞ்சோம். இதை நினைக்க அந்த ஒரு நிமிஷம். 'தி பாஸ்'னு பேர். அங்கேயிருந்து பல ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியிருக்கு. ஒரு டாக்டர் ஆரம்பிக்கலை, ஒரு நர்ஸ் ஆரம்பிச்சார்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நம்ம நாட்டிலும் ஒரு கதவு திறந்திருக்கு. 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறினப்போ 'ஏட்காம்'னு ஒரு பகுதியைச் சேர்த்தாங்க. மனப்பான்மை, அறம், பேசும் விதம் மூணும் சேர்ந்தது. அதில் முதல் வருஷத்துலேயே ஒரு பாடம், அறுத்துப் படிக்கிற உடலை நம்ம முதல் ஆசிரியரா பார்க்கச் சொல்லுது. தாய்லாந்தில் இதுக்கு முன்னாடியே அந்த உடல்களுக்குப் பேரு 'ஆச்சான் யாய்'. பெரிய வாத்தியார்னு அர்த்தம். அனாட்டமி ஹாலில் முதல் நாள் கை நடுங்கி, ரெண்டாவது வாரம் 'பாடிக்கு' பட்டப்பேரு வெச்சு விளையாடற பசங்களுக்கு, இப்படி ஒரு வார்த்தை கிடைச்சா நல்லதுதானே? வார்த்தைதான் கெடுக்குதுன்னா, வார்த்தையாலேயே சரி பண்ண ஆரம்பிக்கலாம்.

உங்க ஃப்ரெண்டு மெடிக்கோவா?

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ். உங்களுக்கு நான் அட்வைஸ் பண்ற அளவுக்குப் பெரிய ஆள் இல்ல. நான் நெஞ்சு அழுத்தினதில்ல, யார் அம்மாகிட்டேயும் போய் 'சாரி' சொன்னதில்ல. தாராளமா சிரிங்க. கதவை மட்டும் சாத்திட்டுச் சிரிங்க. கூட இருக்கிறவன் சிரிக்காம உட்கார்ந்திருந்தா, அவனை ஓட்டாதீங்க. டீ வாங்கிக் கொடுங்க.

மத்தவங்க எல்லாரும் என்னை மாதிரி. இன்ஜினீயரிங், ஆர்ட்ஸ், லா. ஆனா, ஸ்கூல் செட்டில் எல்லாருக்கும் ஒரு மெடிக்கோ நண்பன் இருப்பான். க்ரூப்ல மார்ச்சுவரி ஜோக் போடறது அவன்தான். நாமளும் 'ச்சீ... சைக்கோ'ன்னு டைப் பண்ணிட்டு அடுத்த மீமுக்குப் போயிடுவோம். அவனும் அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டான்.

அடுத்த தடவை ஒரு சின்ன வேலை பண்ணுங்க. முதல்ல ஜோக்குக்குச் சிரிங்க. அது அவனுக்கு வேணும். அப்புறம் தனியா போன் போட்டு, 'இன்னிக்கு யாருடா?'ன்னு கேளுங்க. 'என்ன கேஸு?'ன்னு கேட்காதீங்க. 'யாரு?'

நான் அண்ணன்கிட்ட அப்படித்தான் கேட்டேன், அந்தக் குழந்தையைப் பத்தி. எந்த பெட், என்ன வியாதின்னு சொல்வான்னு நினைச்சேன். அவன் பேர் சொன்னான். கூட வந்த பாட்டி பேரும் சொன்னான். குழந்தை ஒரு கால்ல மட்டும்தான் கொலுசு போட்டிருந்ததுன்னான்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போறதில்ல. அது அவன்கிட்ட பத்திரமா இருக்கு.